நாய்க்குட்டியைக் கடியாமற் பழக்குதல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவார்கள், இசை பேசுவார்கள். நாம் இன்று நாய்க்குட்டியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். சிரிப்பதற்கு முன் சற்றே பொறுத்தருள வேண்டும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீடு திரும்பும் நம் காலனிக் குடும்பங்களில், எத்தனை வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் குட்டி குரைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கதவு திறந்ததும் அது வந்தவருடைய வேட்டியையோ கணுக்காலையோ பற்றுகிறது. வீட்டுக்காரர், "ஒன்றும் செய்யாது, விளையாடுகிறது" என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம்.

நம் தமிழ் நாட்டு நாய்கள் பெயர் பெற்றவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று ஊரும் இனமும் சொல்லிப் பெருமைப்படலாம். ராஜபாளையத்து நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. ஆனால் அவை ஓடித் திரிவதற்கு வெளி வேண்டும். இரண்டு அறையும் ஒரு வராந்தாவும் கொண்ட குவார்ட்டர்ஸில் அவற்றை அடைத்து வைப்பது பாவம். ஆகவே பொமரேனியன், பக், டாஷ்ஹண்ட் போன்ற சிற்றினங்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. (நாம் பொமரேனியன் என்று அழைப்பவற்றில் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ் என்னும் வகையே. அதைச் சொன்னால் வாங்கியவர்களுக்கு வருத்தம் உண்டாகும், விட்டுவிடுவோம்.)

ராஜபாளையத்துக் குட்டி ஒன்று குழந்தையின் கையை வாயில் பற்றினால் வீடே எழுந்து நிற்கும். அன்றைக்கே பழக்கத் தொடங்குவார்கள். உள்ளங்கை அளவுக் குட்டி அதையே செய்தால் சிரிப்போம். படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். இது நம் நாட்டில் மட்டும் காணும் வழக்கம் அன்று. ஆஸ்திரியா நாட்டில் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சிறிய நாய் வைத்திருப்போர் ஒரு நாளைக்கு ஒரு விதமாக நடந்து கொள்வதையும், பழக்குவதிலும் குறைவாகவே ஈடுபடுவதையும் எடுத்துக் காட்டிற்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்விலோ, மனிதர்மீது சீறுவதில் முன்னின்ற இனங்களுள் டாஷ்ஹண்டும் சிவாவாவும் இருந்தன. உருவத்தில் சிறியவை இவ்விரண்டும். பிறவியின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நாம் அறிஞர் அல்லோம். வளர்ப்பு நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசலாம்.

குட்டி ஏன் கடிக்கிறது? அதற்குக் கை இல்லை, வாய்தான் கை. மூன்றாம் வாரம் முதல் பால் பற்கள் முளைக்கின்றன; மொத்தம் 28. நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். இடையில் ஈறு தினவெடுக்கும். எதையாவது மெல்லாமல் இருக்க அதனால் இயலாது.

இதற்கு ஒரு பள்ளிக்கூடம் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. உடன் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். ஒன்று வலிக்கக் கடித்தால் மற்றது 'வீல்' என்று கத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்பால் போய்விடும். கடித்த குட்டி திகைத்து நிற்கும். மறுமுறை மெல்லக் கடிக்கும். அடி இல்லை, வசை இல்லை. 'ஆட்டம் நின்றது' என்பதே தண்டனை. இப்படியே தாடையின் வலிமையை அளந்து பயன்படுத்தக் கற்றுக் கொள்கிறது. ஆதலின் எட்டு வாரம் நிறையும் முன்பு குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. ஒரு மாதக் குட்டியைக் கூடையில் வைத்து, "இப்போது எடுத்தால்தான் உங்களிடம் ஒட்டும்" என்று விற்பாரிடம் வாங்காதீர்கள். ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி பிற உயிர்களோடு பழகக் கற்கும் காலம் என்று நிறுவிற்று. அந்தக் காலத்தின் முற்பாதி உடன்பிறப்புக்களுடையது, பிற்பாதி நம்முடையது.

வீட்டுக்கு வந்தபின் அந்தப் பள்ளிக்கூடத்தை நாம் தொடர்ந்து நடத்த வேண்டும். பல் தோலில் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் ஓடும் எலியைக் கண்ட மகிழ்ச்சி அதற்கு. கையை அசையாமல் வைத்து, பேச்சை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள். அதுவே விடும். விட்டபின்னும் காலைத் துரத்தினால், எழுந்து அடுத்த அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிடம் கழித்து வாருங்கள். கோபமின்றி மீண்டும் விளையாடுங்கள். கடித்தால் மீண்டும் அரை நிமிடம். முதல் நாளில் இருபது தடவை எழுந்து போக நேரலாம், மனந்தளர வேண்டாம். குட்டியைப் போல் நாமும் 'வீல்' என்று கத்தலாமா எனில், சில குட்டிகள் அதற்கு அடங்கும். சில குட்டிகளுக்கு, குறிப்பாகத் துள்ளல் மிகுந்த சிற்றினங்களுக்கு, அதுவே கொண்டாட்டமாகிவிடும். மௌனமே மேல்.

இயன் டன்பார் என்னும் கால்நடை மருத்துவர் ஒரு நுட்பம் சொல்லுகிறார். முதலில் வலிக்கும் கடிக்கு மட்டும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கடியின் வேகம் தணிந்தபின் மெல்லிய கடிக்கும் நிறுத்த வேண்டும். பின்னர் பல் படவே கூடாது என்று கொண்டுவர வேண்டும். ஏன் ஒரே நாளில் முழுத் தடை விதிக்கக் கூடாது? தாடையை அளக்கக் கல்லாத நாய், வளர்ந்தபின் என்றேனும் ஒரு நாள் வாலை யாரோ மிதித்துவிட்டால், அளவில்லாமல் கடிக்கும்.

இவ்வளவும் வீட்டில் உள்ள அனைவரும் ஒன்றுபோல் செய்தால்தான் பலிக்கும். அப்பா ஆட்டத்தை நிறுத்துகிறார். மகன் போர்வைக்குள் கையை ஆட்டிக் கடிக்கச் சொல்லிச் சிரிக்கிறான். பாட்டி, "ஐயோ பாவம், பசிக்கிறது போலும்" என்று பிஸ்கட் கொடுக்கிறார். ஒரே சிக்னல் ஒரு டிரைவருக்குச் சிவப்பாகவும் இன்னொரு டிரைவருக்குப் பச்சையாகவும் தெரிந்தால் என்ன நேரும் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

மெல்லுவதற்கு வேறு பொருள் கொடுங்கள். நனைத்து முறுக்கிக் குளிர்பெட்டியில் உறையவைத்த துணி, தடித்த கயிறு ஆகியவை ஈறுக்கு இதம். மெல்லும்போது நாம் அருகில் இருந்தால் போதும். வேக வைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். பழைய செருப்பும் ஆகாது. பழைய செருப்பு எது, நேற்றுச் சாலைக் கடையில் வாங்கிய புதுச் செருப்பு எது என்று நாய்க்குத் தெரியாது. இன்னொன்று, உறக்கம். இளங்குட்டி நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலும் உறங்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அதை எழுப்பி எழுப்பி விளையாடினால் மாலையில் வெறி பிடித்தாற்போல் கடிக்கும். அது தூக்கம் கெட்ட கைக்குழந்தையின் அழுகை போன்றது; படுக்க விட்டால் அடங்கும்.

அடிப்பதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மூக்கில் சுண்டுவது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, வாயை இறுகப் பொத்துவது ஆகியவை நம்மவரிடையே இன்னும் வழங்குகின்றன. ஒரு கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள உயிருக்கு நம் கை எவ்வளவு பெரியது என்று எண்ணுங்கள். அது கை வருவதைக் கண்டாலே அஞ்சத் தொடங்கும். அஞ்சிய நாய் கடிக்கும். உறுமியதற்காக அடித்தால் தீங்கு இன்னும் பெரிது. உறுமல் என்பது, "அருகில் வராதே" என்னும் முன்னறிவிப்பு. அதை அடித்து நிறுத்தினால் அச்சம் நிற்பதில்லை. அறிவிப்பு மட்டும் நின்றுவிடும். பிறகு சத்தமில்லாமல் கடிக்கும்.

சிற்றினத்துக்கே உரிய துன்பம் வேறொன்று உண்டு. எல்லாரும் அதைத் தூக்குகிறார்கள். பெரிய நாயைக் கேளாமல் தூக்குவார் இல்லை. சிறிய நாயோ பொம்மையாகிவிட்டது. அக்குளில் பிடித்துத் தொங்கவிட்டால் வலிக்கும். ஓடித் தப்ப இடமில்லை. எஞ்சியிருப்பது பல் ஒன்றே. மார்புக்கு அடியில் ஒரு கையும் பின்புறத்திற்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். சிறு பிள்ளைகள் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்தால் குட்டி தானே மடிக்கு வரும். சாப்பிடும் தட்டில் கை விட்டுச் சோதிப்பதையும் விடுங்கள். அதற்குப் பதில், தட்டின் அருகே போகும்போதெல்லாம் சிறிது நல்ல உணவு போட்டு வாருங்கள். கை வருவது பறிக்க அன்று, கொடுக்க என்று கற்கும். பார்சல் ஆபீசில் பணி செய்தவர்கள் அறிவார்கள்: பிரேக் வேனின் நாய்ப் பெட்டியில் ஏற்றும்போது போர்ட்டரின் கையைக் கவ்வுவது எப்போதும் பெரிய நாய் அன்று. அப்போதும் உரியவர், "ஒன்றும் செய்யாது" என்பார்.

அது செய்யக்கூடியது என்ன என்பதைக் கூறிவிடுகிறோம். மலையாளிகள் பேவிஷம் என்றும் நாம் வெறிநாய்க்கடி நோய் என்றும் சொல்லும் ரேபீஸ், அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைக் கொண்டே போகும். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் மாள்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். உயரம் குறைவாதலின் குழந்தைகளுக்குக் கடி முகத்திலும் தலையிலும் விழுகிறது. கிருமி நரம்பின் வழியே மூளைக்குச் செல்லும் தொலைவு அங்கே மிகக் குறைவு. 2025 ஏப்ரலில் நம் கேரளத்து மலப்புறம் மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி, தலையில் தெருநாய் கடித்து, தடுப்பூசி போட்ட பின்னும் இறந்தாள். வீட்டுக் குட்டி வேறு, தெரு நாய் வேறு என்று எண்ண வேண்டாம். ஊசி போடாத குட்டி ஒரு முறை கேட்டுக்கு வெளியே ஓடி வந்தால் போதும். வேறொன்றும் உண்டு: கடிக்கிறது என்பதற்காகவே எட்டு மாதத்தில் கோணியில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிடப்படும் வீட்டு நாய்களும் தெரு நாய்களாகின்றன. அவற்றைப் பழக்காமல் விட்டது யார் குற்றம்?

பல்லோ நகமோ தோலைக் கீறிவிட்டால், பால் பல்லே ஆயினும், ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். உடனே ஜெனரல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நமக்கு அது தொலைவன்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் பழைய பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய காலந்தொட்டு நெடுங்காலம் அத்தகைய ஊசியே வழக்கில் இருந்தது. அந்தப் பழைய மருந்தை இந்தியா கைவிட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடிபட்ட அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தவணை. காயம் ஆழமாயின் காயத்தைச் சுற்றியே வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்த்துப் பிறகு போகலாம் என்று காத்திருக்கலாகாது. ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. அதன்பின் கால்நடை மருத்துவர் சொல்லும் தவணையில் மறு ஊசி. மற்றத் தடுப்பூசிகள் முடியும் வரை தெருத் தரையில் விடாமல், கையில் ஏந்திச் சென்று ஆட்டோச் சத்தமும் ரயில் சத்தமும் புதிய மனிதர்களும் பழகச் செய்யுங்கள். ஊசி அட்டையைக் காட்டி மாநகராட்சியில் லைசென்ஸ் வாங்குங்கள். அட்டையை ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையிலேயே வைத்துக் கொண்டால், தேடும் அவசரத்தில் அலைய நேராது.