விரித்துச் சுட்ட வான்கோழி
(கோடைக்கானலில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பௌதிகம் படித்தவனைக் கூப்பிட்டு "சமையல் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் சொன்னபோது சிரித்தேன். ஆனால் வான்கோழியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த பிறகுதான் மற்ற நாடுகளுக்குப் போனது. அப்படியானால் மூதுரையில் மயிலைப் பார்த்துத் தானும் ஆடுதே, அது எந்த வான்கோழி? தமிழ்த்துறை நண்பர்கள் டீ இடைவேளையில் சொல்லட்டும், நான் தலையிடவில்லை.

இந்த மலைக்கு அதைச் சுட்டுச் சாப்பிடும் பழக்கம் வந்தது வெள்ளைக்காரர்களோடு. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. பண்டிகை அவர்களுடையது. பங்களா அடுப்படிகளில் வெந்துகொண்டு நின்றவர்களோ நம்ம ஆட்கள். எங்க அப்பாவும் ஒரு பங்களாவில் சமையல்காரர். விறகு அடுப்பு ஓவனுக்குள் கையை நீட்டி, மனசுக்குள் எண்ணி, எத்தனையில் கையை இழுக்க வேண்டியிருக்கிறதோ அதை வைத்துச் சூட்டைச் சொல்லிவிடுவார். அவருக்குத் தெர்மாமீட்டர் அதுதான்.

அவருக்கு ஒரே ஒரு குறை. பறவை முழுசாக மேஜைக்குப் போகணும், ஐயா எழுந்து நின்று கத்தியால் அறுக்கணும் என்பது அந்த வீட்டு வழக்கம். முழுசாகச் சுட்டால் நெஞ்சுக்கறி மேலே நிமிர்ந்து நின்று சூட்டை வாங்கும். தொடையின் உட்பக்கமோ உடம்போடு ஒட்டி ஒளிந்திருக்கும். நெஞ்சுக்கறி 70 டிகிரி தாண்டினால் வறள ஆரம்பிக்கும். தொடைக்கு 75, 80 வந்தால்தான் நார் விட்டுக்கொடுக்கும். தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு சக்கையாகிவிடும். "முதுகை எடுத்து விரிச்சுப் போட்டா ரெண்டும் ஒண்ணா வெந்துரும், ஆனா மேஜைக்கு அழகா வராதாம்" என்பார் அப்பா.

முழு வான்கோழி பார்ப்பதற்கு, விரித்த வான்கோழி தின்பதற்கு. இது என் கட்சி.

ஆங்கிலத்தில் இதை ஸ்பாட்ச்காக் என்கிறார்கள். கருவாட்டுக்கு மீனைக் கீறி விரிக்கிறார்களே, அதே யோசனைதான். பறவையைக் கவிழ்த்துப் போட்டு, வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் இரண்டு ஓரமும் நல்ல கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்க. திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினால் 'படக்'கென்று ஒரு சத்தம் வரும். புத்தகம் திறந்த மாதிரி படுத்துக்கொள்ளும். கத்தரி இல்லையென்றால் கறிக்கடைக்காரரிடமே சொல்லலாம்.

கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பைத் தடவி, மூடாமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்க. மார்கழிக் குளிர் போதுமே என்று கொல்லையில் வைக்காதீங்க. கோடைக்கானல் குளிர் மனுஷனுக்குத்தான் குளிர், கிருமிக்கு அது பத்தாது. மறுநாள் வெண்ணெய், தாண்டிக்குடிப் பக்கத்து மிளகு, நம்ம மலைப்பூண்டு. அந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியும்தானே? ஒரு பல்லிலேயே வீடு மணக்கும். வெண்ணெயில் அரைத்துத் தோலுக்கு அடியில் தள்ளுங்க. மேலே தடவினால் கருகிப்போகும். தட்டில் மலைக் கேரட்டும் உருளைக்கிழங்கும் பரப்பி, அதன்மேல் பறவை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வான்கோழிக்கும் அந்தத் தொல்லை உண்டா? ஓவனில் சுடுவது காற்றின் சூடு. 220 என்று வைத்தால் மதுரையிலும் 220, கோடையிலும் 220. இந்த ஊரில் பெரிய பறவையை வேகவைப்பதைவிடச் சுடுவதே நிச்சயமான வழி.

நாலு கிலோ பறவை முழுசாக என்றால், மிதமான சூட்டில் மூன்று மணி நேரம் பிடிக்கும். விரித்தது 220 டிகிரியில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நம்ம ஊர் கரண்டை நம்பிச் சமைக்கிறவர்களுக்கு அது சின்ன லாபமா? தொடையின் தடிமனான இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்க. 74 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் யார் பசிக்குது என்றாலும் எடுக்காதீங்க. எடுத்தபின் இருபது நிமிஷம் சும்மா விடணும்.

"எங்க வீட்டு ஓ.டி.ஜி.யில் வான்கோழி எப்படிய்யா நுழையும்?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறது கேட்குது. இதே கேள்விக்காக 1930-களில் அமெரிக்க வேளாண்துறை ஒரு இனத்தையே உருவாக்கியது. மேரிலாந்தில் பெல்ட்ஸ்வில் பண்ணையில், சின்னக் குடும்பத்துச் சின்ன ஓவனுக்கென்று பிறந்த சிறிய வெள்ளை வான்கோழி அது. அதையும் நம்ம கறுப்பு நாட்டு வகையையும் சேர்த்துத்தான் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் நந்தனம் வான்கோழி-1 என்ற ரகத்தைத் தந்தார்கள். நான் வத்தலக்குண்டுப் பக்கம் வளர்ப்பவரிடம் பெட்டைப் பறவையாகக் கேட்டு வாங்குவேன். விரித்துவிட்டால் உயரம் பிரச்சினையே இல்லை. தட்டின் அகலத்தை மட்டும் அளந்துகொண்டு போங்க.

பங்களாவில் அத்தனை வருஷம் சுட்ட மனுஷன், எங்க வீட்டில் ஒன்றுகூடச் சுட்டதில்லை. ஓவன் ஏது? எழுபது வயதுக்கு மேல், நான் வாங்கிய ஓ.டி.ஜி.யில் அவர் சொல்லச் சொல்ல நான் விரித்தேன். அன்றைக்குத்தான் தன் பக்குவத்து வான்கோழியை அப்பா உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிட்டார். "உப்பு சரி" என்றார். அவரிடம் அது பெரிய சர்டிபிகேட். அவர் கைப்பக்குவத்தை அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுதி வைத்தேன்.

வெட்டி எடுத்த முதுகெலும்பைத் தூரப் போட்டுடாதீங்க. பங்களாவிலிருந்து எங்களுக்கு வந்த பங்கு அதுவும் கழுத்தும்தான். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு அம்மா சாறு வைப்பாங்க. அதை மட்டும் குக்கரில் வையுங்க, 93 டிகிரி அதுக்குப் பத்தாது. எங்க வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் கறிக்கு முன்னால் அந்தச் சாறைத்தான் காலி பண்ணுறாங்க.

சாப்பாட்டு மணி அடிச்சாச்சு.