ராத்திரிப் பயணமும் ஆட்டோ விளக்கும்

(தோட்டத்து ஆட்டோ சாரதிகளுக்கும் குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக நாம் குடிதண்ணீர், பிள்ளைகளின் நிறை, சேமிப்பு என்று பேசுவோம். இன்றைக்கு ஆட்டோவின் முன்விளக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் நலன்புரி விசயந்தானா என்று சிலர் சிரிக்கலாம். நடுச்சாமத்தில் லயத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நோவு கண்டால் நாம் எதைத் தேடி ஓடுகிறோம்? ஆட்டோவைத்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், குண்டும் குழியுமான ரோட்டு, போதாததற்கு மூடுபனி. அந்த நேரம் விளக்கு இல்லையென்றால் இரண்டு உயிருக்கு ஆபத்து. முன்னால் ஒரே விளக்குள்ள ஆட்டோவில் பல்ப் போனால் முழு இருட்டுத்தான்.

ஒரு பல்ப்புக்குள் இரண்டு இழை இருக்கிறது. ஒன்று பிரைட், மற்றது டிம். பெரும்பாலும் ஒன்றுதான் முதலில் போகும். "டிம் மட்டுந்தானே போச்சு, பிரைட்டில ஓட்டலாம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய பிழை. பனிக்குள்ளே பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். முடக்கில் எதிரே வருகிற லொறிக்காரருக்கும் கண் கூசும். நம் மலை ரோட்டுக்கு டிம் லைட்தான் உயிர்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளையே பல வருசம் ஒட்டுப் போட்டு ஓட்டினோம். 2022 நெருக்கடியில் சாமான் விலையும் ஏறிப் போனது. ஆனால் பல்ப் போனால் பல்ப்பை மட்டும் மாற்றினால் போதும். முழு விளக்கையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கண்ணாடி உடைந்திருக்கிறதா, உள்ளே வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தச் செலவு வேண்டாம்.

வேலையும் கடினமில்லை. முதலில் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, விளக்கு ஆறும்வரை பொறுங்கள். எரிந்த பல்ப் கையைச் சுட்டுவிடும். பின்பக்க வயர் சொக்கட்டைக் கழற்றி, ரப்பர் மூடியை இழுத்து, கம்பிக் கிளிப்பை அமுக்கி எடுத்தால் பல்ப் வெளியே வரும். எந்தப் பக்கமாக இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

பல்ப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் பல்ப்தான் பழுது. இழை நன்றாக இருந்தால் காசு கொடுத்துப் புதிது வாங்க முன்னம் பியூஸையும், சொக்கட்டில் பச்சை பிடித்திருக்கிறதா என்பதையும், எர்த் வயரையும் பாருங்கள். பியூஸ் போயிருந்தால் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் வேண்டாம். வயர் எரிந்து வண்டியே தீப்பிடிக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய பல்ப்பைக் கையோடு கொண்டு போங்கள். அதன் அடியில் 12 வோல்ட்ஸ், 35/35 வொட்ஸ் என்றோ 60/55 வொட்ஸ் என்றோ எழுதியிருக்கும். அதே இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "100 வொட்ஸ் போட்டால் பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். சொக்கட் உருகும், வயர் தாங்காது. மலிவான எல்ஈடி பல்ப்பும் பழைய விளக்குக்குள் சரியாக ஒளியைக் குவிக்காது. எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

புதிய ஹலஜன் பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப் பசை சூட்டில் அந்த இடத்தைக் கெடுத்து, பல்ப் சீக்கிரம் போய்விடும். கடதாசியால் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடையுங்கள். ரப்பர் மூடியை இறுக்கமாகப் போடுங்கள். இல்லையென்றால் பனி ஈரம் உள்ளே போய் வெள்ளிப் பூச்சு கறுத்துவிடும். கடைசியாக ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, டிம் வெளிச்சம் பிரைட்டை விடத் தாழ்வாக விழுகிறதா என்று பாருங்கள்.

மாற்றி மாற்றிப் போட்டும் பல்ப் போய்க்கொண்டே இருந்தால் பல்ப்பைக் குறை சொல்லாதீர்கள். கராஜ் பாஸிடம் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினை வேகப்படுத்தும்போது பற்றரியில் சுமார் 14 வோல்ட்ஸ் காட்டுவது சரி. 15க்கு மேலே போனால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

இனி நாம் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சாரதியும் ஒரு பல்ப்பும் இரண்டு பியூஸும் துணியில் சுற்றி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். சம்பள நாளன்று பொழுது சாய்ந்ததும் டிம், பிரைட், பின்விளக்கு மூன்றையும் எரித்துப் பாருங்கள். தாய்மாரே, நீங்களும் ராத்திரிப் பயணம் ஏறுமுன் "தம்பி, டிம் லைட் எரியுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஏறுகிறவர் உயிரும் ஓட்டுகிறவர் உயிரும் ஒன்றுதான்.