பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா?



நாம் இன்று பல்லைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். நன்றாய்ச் சிரியுங்கள், சிரித்தால்தானே உங்கள் பல்லின் யோக்கியதை நமக்குத் தெரியும்.

மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று ஒரு பயம் நம் மக்களிடம் வெகுகாலமாய் இருந்து வருகிறது. படிக்காதவர்கள் மட்டுமா இதைச் சொல்லுகிறார்கள்? பட்டம் பெற்றவர்களும் சொல்லுகிறார்கள். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு. வயதேறினால் பல்லும் ஆடுகிறது, கண்ணும் மங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இந்தப் பொய்ச் சம்பந்தத்துக்குப் பயந்து அழுகின பல்லை வருஷக்கணக்காய்க் காப்பாற்றுகிறவர்கள், அதே பல்லுக்கும் உடம்புக்கும் உள்ள மெய்யான சம்பந்தத்தை ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

வாய்க்குள் என்ன இருக்கிறது என்று கண்டு சொன்னவர் பெரிய பண்டிதரல்ல. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக் என்பவர். சர்வகலாசாலையில் படிக்காதவர். தாமே செய்த பூதக்கண்ணாடியில் தம் பல் அழுக்கை வைத்துப் பார்த்து, அதில் சிற்றுயிர்கள் துள்ளி ஓடுவதை 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தினந்தோறும் உப்பால் பல் துலக்கியவர் வாயிலேயே அவ்வளவு என்றால், நம் வாயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஈறில் ரத்தம் கசிந்தால் உஷ்ணம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ரத்தம் வெளியே வருகிற அந்தப் புண் வழியாகவே கிருமி ரத்தத்துக்குள் போகிறது. நல்ல உடம்பு அதைச் சீக்கிரம் ஒழித்துவிடும். ஆனால் சிறுவயதில் கீல்வாதக் காய்ச்சல் வந்து இருதயத்தின் வால்வு கெட்டுப்போனவர்களுக்கு, அக்கிருமி அங்கே குடியேறிவிடுவதுண்டு. பென்சிலின் வருமுன் இது வந்தவர் பிழைப்பதே அரிது. இன்றும் வாரக்கணக்காய் ஆஸ்பத்திரியில் கிடக்கவேண்டும். அந்தக் காய்ச்சல் யாரை அதிகமாய்ப் பிடிக்கிறது? நெருக்கமான வீடுகளில் அடைந்து கிடக்கும் ஏழைப் பிள்ளைகளையே. அதற்குத் தலைவிதி என்று பெயர் வைக்கிறார்கள்!

சர்க்கரை வியாதியோ ஈறு வியாதிக்குக் கூட்டாளி. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறில் சீழ் பிடித்தால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. ஈறுக்கு வைத்தியம் செய்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்குகிறது என்று பரீட்சித்துக் கண்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டு, சகல வியாதிக்கும் பல்லே காரணம் என்று கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் டிரென்டன் நகரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்த ஹென்றி காட்டன் என்ற டாக்டர் அப்படித்தான் கிளம்பினார். சித்தப்பிரமைக்குக் காரணம் பல்லிலுள்ள சீழே என்று நம்பி, 1920-களில் நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கித் தள்ளினார். அதோடு நில்லாமல் குடலையும் அறுத்தார். பலர் செத்தார்கள். மந்திரவாதி சொன்னால் மட்டுமல்ல, டாக்டர் சொன்னாலும் ருசு கேட்கத்தான் வேண்டும். ஈறு வியாதிக்காரர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவது உண்மை. ஆனால் ஈறுதான் மாரடைப்புக்குக் காரணம் என்பது ருசுவாகவில்லை என்று அமெரிக்க இருதயச் சங்கமே 2012-ல் சொல்லிற்று. அதுவன்றோ நாணயம்!

ஆகவே, இருதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் பல் பிடுங்கப் போனால் அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே மருந்து கொடுக்கவேண்டியிருக்கலாம். சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போகிறவர்கள் வாயையும் திறந்து காட்டுங்கள். செங்கற்பொடியையும் புகையிலையையும் இன்றே விட்டுவிடுங்கள். இனி, கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டெழுதி அனுப்பலாம். நமக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுகிறோம்.