அடிக்குரல் வாத்தியங்கள்



குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தது தமிழிசை மரபு. இவற்றுள் வலிவு எளிதில் செவியைக் கவரும். மெலிவோ, அதாவது மந்தர ஸ்தாயியோ, தேடிக் கேட்டாலன்றிப் புலப்படுவதில்லை. மேனாட்டு வாத்திய கோஷ்டியில் அந்த மெலிவைத் தாங்கி நிற்கும் கருவிகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அவற்றுள் தலையாயது 'டபுள் பாஸ்'. பார்வைக்குப் பெரியதொரு வயலின். ஏறத்தாழ ஆறடி உயரம். வாசிப்பவர் நின்றுகொண்டோ, உயர்ந்த முக்காலியில் அமர்ந்தோ வில்லை இழுப்பார். அதன் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. 20 அதிர்வுகளுக்குக் கீழே நம் செவி ஒலியை உணர்வதில்லை என்பதை நோக்க, இது கேள்வியின் எல்லையை ஒட்டிய சுரம் எனலாம். ஊதுகருவிகளில் 'கான்ட்ராபசூன்' இன்னும் கீழே இறங்கி, 29 அதிர்வுகளைத் தொடும். மடித்து அமைந்த அதன் குழாயை நீட்டினால் பதினெட்டு அடி இருக்கும். பித்தளைக் கருவிகளில் இவ்விடத்தைப் பெறுவது, 1835இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற 'டியூபா'.

இத்துணைப் பேருருவம் எதற்கு? தந்தியோ குழலோ நீள நீள, அதிர்வு குறைந்து குரல் தாழும். நாதஸ்வரத்தில் நாம் அறிந்ததே இது. குறுகிய திமிரிக்கு உச்சக் குரல். நீண்ட பாரிக்குக் கனிந்த குரல். பாரியைப் புகழ்பெறச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

இக்கருவிகள் பெரும்பாலும் முன்வந்து பாடுவதில்லை; பிற கருவிகளுக்குத் தரையாக அமைகின்றன. பீத்தோவன் 1808இல் அரங்கேற்றிய ஐந்தாம் சிம்பொனியில், கான்ட்ராபசூனை இறுதிப் பகுதி வரை வாளாவிருக்கச் செய்தார். 1824இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியிலோ, பாடகர் வாய் திறக்குமுன் செல்லோக்களையும் டபுள் பாஸ்களையும் மனிதர்போல் பேசவே வைத்துவிட்டார்.

மும்பைக்கு இக்கலை புதிதன்று. மெஹ்லி மேத்தா 1935இல் இந்நகரில் சிம்பொனி இசைக்குழு ஒன்றை நிறுவினார். அவர் மைந்தர் சுபின் மேத்தா வியன்னாவில் பயின்றபோது, இசை நடத்தும் கலையோடு டபுள் பாஸ் வாசிக்கவும் கற்றார். உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநரின் செவி, கோஷ்டியின் அடித்தளத்திலும் பழகிய செவி! 2006இல் நரிமன் பாயிண்டிலுள்ள தேசிய நிகழ்கலை மையத்தில் இந்திய சிம்பொனி இசைக்குழு தோன்றியது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறிய வானொலிப் பெட்டியும் கைப்பேசியும் 41 அதிர்வுகளைச் செவ்வனே எழுப்ப வல்லவை அல்ல. அச்சுரத்தோடு கூடப் பிறக்கும் 82, 123 போன்ற மேலதிர்வுகளையே அவை தருகின்றன. அவற்றைக் கொண்டு அடிச்சுரம் இன்னதென்று நம் செவி ஊகித்துக்கொள்கிறது. சுரம் விளங்குகிறது, ஆனால் அதன் கனம் வந்து சேர்வதில்லை. கைப்பேசியிலேயே இசை கேட்டு வளரும் நம் பிள்ளைகள், அதுவே முழு இசை என்று எண்ணிவிடலாகாது.

ஆகவே, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் அன்பர்கள், வாய்ப்புக் கிடைக்கும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரயிலேறிச் சென்று ஒரு முறை சிம்பொனியை நேரில் கேட்பது நன்று. டபுள் பாஸ்களை மேடையின் ஒரு புறத்தே காணலாம். அவை ஒலிக்கும்போது நெஞ்சிலும் ஓர் அதிர்வு தோன்றும். பின் அவை ஓய்ந்ததும், வயலின்கள் பற்றுக்கோடின்றி மிதப்பதுபோல் தோன்றும். அந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கு, வீட்டருகே சண்முகானந்த அரங்கம் இருக்கிறது. கச்சேரி தொடங்குமுன் தம்புரா மீட்டப்பட்டால், அதன் கடைசித் தந்தியை, மந்தர ஷட்ஜத்தை மட்டும் சற்றே உற்றுக் கேளுங்கள். பாடகர் எத்துணை உயரம் சென்றாலும் திரும்பி வந்து சேரும் இடம் அது. கோயில் விழாவில் உறுமி முழங்கும்போதும் அவ்வண்ணமே செவி சாய்ப்போமாக. மெலிவைக் கேட்கப் பழகிய செவிக்கே வலிவின் அருமையும் முழுதாக விளங்கும்.