சிறிய சர்வகலாசாலையும் பெரிய புகழும்

(சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஆண்டுதோறும் கலாசாலைகளின் தரவரிசைப் பட்டியல் வெளிவந்தவுடன், "எக்கலாசாலை எத்தனையாவது?" என்று வினவி, அது ஒன்றையே துணைக்கொண்டு தம் மக்களைச் சேர்க்க விரையும் பெற்றோர் நம்முட் பலர். அவர்கள் செலவிடும் பொருளோ, நிலத்தையும் நகையையும் விற்றுத் தேடியது. ஆதலின் அவ்வரிசை எவ்வாறு எய்தப்படுகின்றது, அதனை எத்துணை நம்பலாம் என்பவற்றை ஒரு சிறிய சர்வகலாசாலையின் சரித்திரங்கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்காவிலே, கலிபோர்னியாவைச் சார்ந்த பாஸடீனா நகரில், ஏமாஸ் த்ரூப் என்னும் செல்வர் 1891-ஆம் ஆண்டில் ஒரு வித்தியாசாலை நிறுவினார். பெயரளவிற் சர்வகலாசாலையாயினும், சிறுவர் வகுப்பும் கைத்தொழிற் பயிற்சியும் அங்கே நடைபெற்றன. 1907-இல் வானநூல் வல்ல ஜார்ஜ் எல்லரி ஹேல் அதன் நிர்வாக சபையிற் புகுந்தார். அதன்பின் கீழ்வகுப்புகள் நீக்கப்பட்டன; இரசாயனத்தில் ஆர்தர் நாய்ஸும், பௌதிகத்தில் ராபர்ட் மில்லிகனும் வரவழைக்கப்பட்டனர். 1920-இல் அது 'கால்டெக்' என வழங்கும் பெயரைப் பெற்றது. 1923-இல் மில்லிகனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டில், தமிழ்நாட்டிற் பிறந்த சி. வி. ராமனும் அவரழைப்பிற்கிணங்கி அங்கே சென்று தங்கினார்.

இன்றும் அங்கே பயில்வோர் ஏறக்குறைய 2,400 பேரே. ஆசிரியர் ஒருவருக்கு மாணாக்கர் மூவரளவே. இத்துணைச் சிறியதாயினும், 2011 முதல் 2015 வரை வெளிவந்த டைம்ஸ் உயர்கல்வி உலகப் பட்டியலில் ஐந்தாண்டும் முதலிடம் அதற்கே உரியதாயிற்று. ஈர்ப்பலைகளைக் கண்டமைக்காக 2017-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் இருவர் அதனைச் சார்ந்தவர்.

எனினும் மற்றொன்றும் கூறுதல் கடன். 1999-இல் 'யூ.எஸ். நியூஸ்' பத்திரிகை வெளியிட்ட தேசப் பட்டியலில் கால்டெக் முதலாவதாயிற்று. மாணாக்கர் ஒருவருக்குச் செலவாகும் தொகையைக் கணக்கிடும் முறை மாறியதே அதற்குப் பெரிதுங் காரணம். மறு ஆண்டில் அது நான்காமிடத்திற்கு இறங்க, பிரின்ஸ்டன் முதலிடம் எய்தியது. ஓராண்டிற்குள் ஆசிரியர் அறிவிழந்தனரோ? இல்லை, அளவுகோலே மாறியது!

நம் நாட்டில் 2016 முதல் அரசாங்கத்தார் வெளியிடும் பட்டியலும் கற்பித்தல், ஆராய்ச்சி, தேர்ச்சி, அனைவருக்கும் இடமளித்தல், பிறர் மதிப்பு என்னும் ஐந்தினைக் கூட்டியே அமைவது. அதற்குரிய விவரங்களிற் பெரும்பகுதியைக் கலாசாலைகளே தருகின்றன. ஆகவே பெற்றோர் மொத்த எண்ணொன்றையே நோக்காது, ஆசிரியர் எத்தனை பேர், அவர் நிலைத்திருக்கின்றனரா, பரிசோதனைச் சாலை உண்டா, பயின்றோர் என்னாயினர் என்று நேரிற் சென்று வினவுதல் வேண்டும்.

கல்விக்குப் பொருளுதவும் கனவான்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாடங்களையும் மண்டபங்களையும் பெருக்குதலினும், நல்லாசிரியர் ஒருவருக்கு நிலையான ஊதியம் அமைத்தலே சிறந்த தருமம். த்ரூப் இட்ட வித்து, தக்க ஆசிரியர் வந்த பின்னரன்றோ விருட்சமாயிற்று! மதிப்பைத் தேடிச் செல்லாது கல்வியைத் தேடுவோமாயின், மதிப்பு தானே நம்மைத் தேடி வரும்.