மாத்திரை கேக்கலாமா, டாக்டர்?

"ஒரு மாசத்துக்கு மட்டும் ஏதாவது குடுங்க டாக்டர்." மனநல மருத்துவர்கிட்ட நான் கேட்டது இவ்வளவுதான். இதுக்கு ரெண்டு நாள் ஒத்திகை வேற!

இசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். ஆனா ஓஎம்ஆர்ல கம்பெனி பஸ் ஏறினாலே நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், செத்துருவோம்னு தோணும். மாசக் கடைசியில ரிலீஸ்.

டாக்டர் முகம் சுளிக்கல. எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை தினமும் எடுக்கணும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யலாம். குளோனசெபாம் அன்னைக்கே அடக்கும். ஆனால் தொடர்ந்து எடுத்தா உடம்பு பழகிடும், திடீர்னு நிறுத்தவும் கூடாது. மதுவோட சேர்ந்தா மூச்சுக்கே ஆபத்து. "வெள்ளிக்கிழமை பார்ட்டி உண்டா?"ன்னு நேரடியாவே கேட்டாங்க.

எனக்கு எழுதினது முதல் வகை தினமும், ரெண்டாவது குறைஞ்ச அளவில் ரெண்டே வாரம். கூடவே சிபிடி.

அப்புறம் சொன்னதுதான் என்னை உலுக்குச்சு. பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிடும். மாத்திரை வேலை செய்ய அதைவிட நேரமாகும். அப்போ, போட்டதும் சரியாச்சுன்னு நாம நினைக்கிறது பல நேரம் தானா அடங்கினது! டைம்ஸ்டாம்ப் பாக்காம லாக் படிக்கிற மாதிரி.

நண்பன்கிட்ட மிச்சமிருக்கிற மாத்திரையை வாங்கிப் போடாதீங்க. பேச ஆள் வேணும்னா டெலி மானஸ், 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

ரிலீஸ் முடிஞ்சது. அட்டையில மூணு மாத்திரை மிச்சம். திங்கக்கிழமை ரிவ்யூவுக்கு எடுத்துட்டுப் போகணும்.