மாலையும் பாலையும்



சின்னமனூரிலிருந்து தேனி வழியாக மதுரைக்குச் செல்வோர், நாகமலைப் புதுக்கோட்டையை நெருங்கினால் சமணர்மலைக்கு அருகில் வந்துவிட்டனர் என்று பொருள். கீழக்குயில்குடியில் உள்ள அப்பாறைமலையில், அலுவலகமும் கல்லூரியும் விட்டபின் மாலை நேரத்தில் ஏற வருவோர் பலர். அடிவாரத்தில் தாமரைக்குளமும் கருப்பசாமி கோயிலும் உண்டு. அவற்றைக் கடந்தால் நிழல் தரும் மரம் அரிது. பாறையில் வெட்டிய படிகளே வழி. பகலெல்லாம் உண்ட வெயிலைப் பாறை மாலையில் உமிழ்கிறது. காற்று குளிர்ந்தபின்னும் உள்ளங்கால் நண்பகலிலேயே நிற்கிறது.

தொல்காப்பியர் பாலைக்கு நண்பகலையும் முல்லைக்கு மாலையையும் வகுத்தார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். நம் அக மரபில் மாலை, பெண் இல்லத்தில் காத்திருக்கும் பொழுது. பாலை, ஆண் பொருள் தேடிக் கடக்கும் வழி. அவ்வழியில் தலைவி சென்றால் தலைவன் துணையோடு செல்கிறாள். செவிலித்தாய் அவளுடைய மெல்லடிகளை எண்ணிக் கலங்குகிறாள்.

பணி முடித்த ஒரு பெண் மாலையில் இப்பாறையில் ஏறும்போது இவ்விரு வரையறைகளும் ஒருங்கே நெகிழ்கின்றன. ஆயினும் அவளை எதிர்கொள்ளும் முதல் வினா, 'துணைக்கு யார்?' என்பதே. உடன் ஏறும் ஆடவரை எவரும் அவ்வாறு கேட்பதில்லை. பாலைத்திணையின் முதல், கரு, உரிப்பொருள்களைப் பிழையின்றி எழுதும் என் மாணவியருள், ஒரு குன்றில் தனியே ஏறியவர் மிகச் சிலரே.

மரபு இந்த வினாவை மட்டும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. காதலனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியாரை ஔவையார் அகநானூற்றின் 147 ஆம் பாடலில் நினைவுகூர்கிறார், அதுவும் பாலைப்பாடலே. ஒரு பெண்பாற்புலவரின் நடையை மற்றொரு பெண்பாற்புலவர் பதிந்து வைத்தார். சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி உள்ளது. மகனின் பெயரைச் சார்ந்து வந்தாலும், ஆயிரம் ஆண்டு வெயிலில் அந்தத் தாயின் பெயரும் வட்டெழுத்தில் அழியாது நிற்கிறது.

மதுரையின் மேற்கு வாயில் வழியே தனியே வெளியேறிய கண்ணகி, வையைக் கரையோடு மேடுபள்ளம் பாராது நடந்து மலையேறினாள். அம்மலை நம் கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவிமலை என்பது இப்பள்ளத்தாக்கின் நம்பிக்கை. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவன்று அங்கே ஏறி வழிபடுகிறோம். தனியே நடந்தவளைத் தெய்வமாக்கினோம். நடக்க விரும்பும் மகளையோ வாயிலிலேயே நிறுத்துகிறோம்.

ஆகவே கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலையை மனத்துயரின் உவமையாக மட்டும் கையாளாதீர்கள். காலால் அறிந்து எழுதுங்கள். மெல்லடியின் நோவைச் சொல்லும் பாடல்கள் நம்மிடம் நிறைய உள்ளன. அவ்வடியின் உறுதியைச் சொல்லும் பாடல்கள் இனி வரவேண்டும். இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒரு மாலைக் கூட்டத்தையேனும் ஏதேனும் ஒரு குன்றின்மேல் கூட்டுங்கள். இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்று பெண் உறுப்பினர்கள் பாதியில் எழுந்து செல்லவேண்டாத கூட்டமாக அது அமையட்டும்.